டிங் தவறு செய்தார் என்பது பாதிக் கதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டி. குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எப்போது எழுதினாலும் செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: டிரா ஆக வேண்டிய கடைசி, 14-ஆவது ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்த்தலில் தவறு செய்தார், குகேஷ் பட்டம் வென்றார். முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கும் அன்றைக்கு இதே தொனியில்தான், சிறுபிள்ளைத்தனமான ஒரு நகர்த்தலில் பட்டம் கைமாறிவிட்டதே என்று வருத்தப்பட்டார். தவறு நடந்தது உண்மை. அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. சதுரங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த விடுபட்ட பகுதிதான் என்பதால் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆட்டம் எந்த நிலையில் எண்ட்கேமுக்கு, அதாவது சில காய்களே மிஞ்சும் இறுதிக் கட்டத்துக்கு, வந்தது என்று பார்ப்போம். 13 ஆட்டங்கள் முடிந்து இருவரும் ஆறரைப் புள்ளியில் இருந்தார்கள். டிங்குக்கு வெள்ளைக் காய்கள். டிரா ஆகிவிட்டால் மறுநாள் ரேபிட் டைபிரேக், அதாவது சமநிலையைத் தீர்க்கும் குறைந்த நேர ஆட்டங்கள். அதில் டிங்கின் கைதான் ஓங்கும் என்பது பலரின் கணிப்பு. டிங்கும் டிராவை நோக்கியே ஆடினார். 29-ஆவது நகர்த்தலில் பி சிப்பாயைத் தானே கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். 32-ஆவது நகர்த்தலில் ஒரு ஜோடி யானைகளும் போயின. மிஞ்சியது இவ்வளவுதான் (எழுத்து ஏ முதல் ஹெச் வரையிலான நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் வரிசை): வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை டி1, பிஷப் ஏ8, சிப்பாய்கள் எஃப்2, ஜி3. கறுப்புக்கு ராஜா ஜி8, யானை பி4, பிஷப் இ6, சிப்பாய்கள் எஃப்7, ஜி6, ஹெச்7. சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம், மூன்றுக்கு இரண்டு. இரு பிஷப்புகளும் வெள்ளைக் கட்டத்தில் ஓடுபவை. சரியாக ஆடினால் இது டிரா. கிராண்ட்மாஸ்டர்கள் பலர் இந்த இடத்தில் கை குலுக்கியிருப்பார்கள்.

குகேஷ் அங்கிருந்து இன்னும் 26 நகர்த்தல்கள் ஆட வைத்தார். அவருக்குத் தோல்வி அபாயம் ஏதுமில்லை. டிங்குக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் யோசிக்க ஒன்று இருந்தது. கடிகாரத்திலும் டிங் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். இந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம், அதன்பின் 30 நிமிடம். நகர்த்தலுக்கு 30 விநாடி சேர்வதே 41-ஆவதிலிருந்துதான். நேரம் குறைந்தவர் மேல் அபாயமில்லாத நெருக்கடியைத் தொடர்ந்து வைத்திருப்பதும் எண்ட்கேம் திறமையில் சேர்ந்ததே.

அவர் செய்தவை ஒவ்வொன்றும் சிறு சிறு வேலைகள். ஜி5, பிறகு ஹெச்5, ராஜா ஹெச்6, ஜி4 என்று சிப்பாய்களை முன்னேற்றி இடம் பிடித்தார். அவற்றின் பின்னாலேயே ராஜாவை ஜி5க்குக் கொண்டுவந்தார். 45-ஆவதில் டிங் எஃப்3 ஆட, ஒரு ஜோடி சிப்பாய்கள் வெட்டுப்பட்டுக் கணக்கு இரண்டுக்கு ஒன்றானது: எஃப்5, ஜி4 எதிரே தனியாக ஜி3. இதுவும் டிராதான். காரணத்தைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்புச் சிப்பாய்கள் நிற்பது வெள்ளைக் கட்டங்களில், குகேஷின் பிஷப்பும் வெள்ளைக் கட்டக்காரர். அதனால் எஃப்4 என்ற கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எதை நிறுத்தினாலும் அந்தப் பிஷப்பால் அதை அசைக்க முடியாது.

48-ஆவதில் குகேஷ் யானையை டி2க்கு இறக்கிச் செக் கொடுத்தார். வெள்ளை ராஜா ஜி1க்குத் திரும்பியது. கறுப்பு யானை இரண்டாம் வரிசையில் இருக்கும்வரை அந்த ராஜாவால் தாராளமாக வெளியே வர முடியாது. இனி டிங்கின் மனத்தில் ஓடியிருக்கக்கூடியது ஒன்றே: இந்த யானையை எப்படியாவது மாற்றிக்கொண்டால் நிம்மதி.

அடுத்து வந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். டிங்கின் பிஷப் பி7இல், அதற்குக் காவலாக யானை பி4இல் நின்றது. 52-ஆவதில் அந்த யானை ஏ4க்கு விலகியது. உடனே குகேஷ் தன் யானையை இரண்டாம் வரிசையிலேயே பி2க்கு நகர்த்தினார். ராஜாவின் மேல் பிடி விடவில்லை. கூடவே காவலிழந்த பிஷப்பின் மேலும் ஒரு தாக்குதல். பிஷப் எங்காவது போயாக வேண்டும். டிங் அதை ஏ8 மூலைக்குக் கொண்டுபோனார்.

மூலைக் கட்டத்தில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. இந்தச் சின்ன உண்மைதான் பட்டத்தைத் தீர்மானித்தது. அதே பிஷப் சி6க்குப் போயிருந்தால் இரண்டு மூலைவிட்டங்கள் இருந்திருக்கும். யாராவது டி5இல் வந்து எதிர்த்து நின்றால் பி5, டி7, இ8 என்று விலகிப் பிழைத்திருக்கும்.

பிறகு குகேஷ் ராஜாவை எஃப்6 வழியாக இ5க்கு நடத்தினார். இதற்கு இரண்டு பயன். ராஜா நடுப்பலகைக்கு வந்தது. டி5 கட்டத்துக்குக் காவலும் கிடைத்தது. ராஜா ஜி5இலேயே இருந்திருந்தால் பின்னால் வரும் அடி கிடையாது.

இப்போது டிங்கின் யானை எஃப்4இல். கறுப்பு ராஜா அதன் பக்கத்தில் நின்றாலும் ஜி3 சிப்பாய் காவல் இருக்கிறது, அவசரமே இல்லை. நான்காம் வரிசையிலேயே ஏ4க்குத் திரும்பியிருந்தால் ஆட்டம் டிராவை நோக்கி நகர்ந்திருக்கும். அவர் 55-ஆவதில் யானையை எஃப்2இல் வைத்து மாற்றலுக்குக் கூப்பிட்டார். குகேஷ் வெட்டினார், வெள்ளை ராஜா திரும்ப வெட்டியது, பிஷப் டி5இல் வந்து நின்றது. ஏ8 பிஷப் பி7க்குப் போனாலும் சி6க்குப் போனாலும் அதே கோட்டில்தான் இருக்கிறது, வெட்டுப்படும். மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். 57-ஆவதில் பிஷப்புகள் போயின, 58-ஆவதில் வெள்ளை ராஜா இ3, கறுப்பு ராஜா இ5, டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை.

குகேஷும் அந்தத் தவறை முதல் பார்வையில் கவனிக்கவில்லை. வேறொரு நகர்த்தலை ஆட இருந்தபோதுதான் கண்ணில் பட்டது என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார். இதனால் அவர் வெற்றியின் மதிப்பு குறையாது. எண்ட்கேமில் எதிராளி எங்கே தவறுவார் என்று முன்கூட்டித் தெரிந்து யாரும் ஆடுவதில்லை. தவறினால் வலிக்கும்படி காய்களை நிறுத்திவைக்கிறோம், அவ்வளவே. யானை இரண்டாம் வரிசையில், எதிரி பிஷப் மூலையில், தன் ராஜா இ5இல். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தத் தவறு தவறாகவே ஆகியிருக்காது.

கடைசியில் வந்த அந்தச் சிப்பாய் நிலை தானாக வெல்லும் என்று நினைப்பவர்கள் பலகையில் வைத்துப் பார்க்கட்டும். வெள்ளை: ராஜா இ3, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா இ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. வெள்ளையின் முறை. ராஜா இ2க்குப் பின்வாங்கினால் கறுப்பு ராஜா இ4க்கு வந்து நேருக்கு நேர் நிற்கும். வெள்ளை ராஜா எஃப்2. கறுப்பு டி3, இ3, இ2, எஃப்3 என்று சுற்றிவந்து ஜி3 சிப்பாயை எடுத்துவிடும். இது சுலபம்.

வெள்ளை முதலிலேயே எஃப்2க்குப் போனால்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். கறுப்பு ராஜாவை இ4க்கு வைத்துவிடுகிறார்கள். வெள்ளை இ2க்கு வந்ததும் எதிர்நிலை (ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய கட்டாயம் எதிராளிக்கு இருக்கும் சாதகம்) வெள்ளையின் கைக்குப் போகிறது. அந்த அவசரத்தில் எஃப்4 தள்ளினால் வெற்றி பறிபோனது: ஜி சிப்பாய் வெட்டும், ராஜா திரும்ப வெட்டும், வெள்ளை ராஜா எஃப்2க்கு வந்து நிற்கும். ஒற்றை ஜி சிப்பாயை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது. சுத்தமான வழி, வெள்ளையின் எஃப்2க்கு மறுமொழியாகக் கறுப்பு ராஜாவை டி4இல் வைத்துக் காத்திருப்பது. வெள்ளை இ2க்கு வந்த பிறகே இ4. இப்போது நகர வேண்டியவர் வெள்ளை.

முதல் நகர்த்தலில் வெள்ளை டி3க்குப் போனால், அதே எஃப்4 சரியான நகர்த்தலாகிறது. வெள்ளை வெட்டினால் கறுப்பு ராஜா எஃப்4க்கு வரும். வெள்ளை இ2க்கு ஓடிவந்தாலும் கறுப்பு ஜி3க்குப் புகுந்துவிடும். ஒரு கட்டம் தாமதம், ஆட்டம் போயிற்று. வெள்ளை வெட்டாமல் இ2க்குத் திரும்பினால் கறுப்பு எஃப்3 தள்ளிச் செக் கொடுத்துப் பொறுமையாக வெல்லலாம். ராஜாவை இ4இல் வைத்தால் மறுபடியும் பழைய டிரா. ஒரே சிப்பாய் நகர்த்தல், ராஜாக்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒருமுறை வெல்கிறது, ஒருமுறை வெற்றியைக் கெடுக்கிறது. இதை மனப்பாடம் செய்ய முடியாது, எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் நேரம் எதில் போகிறது என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு சிசிலியன் நைடார்ஃப் என்ற தொடக்க ஆட்டத்தைப் பத்து நகர்த்தல் ஒப்பிக்கத் தெரிகிறது. ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிரே தனி ராஜா என்றால் எது டிரா, எது வெற்றி என்று சொல்லத் தெரிவதில்லை. குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐ நெருங்கும்வரை அவரை, நகர்த்தல்களைக் கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் என்ஜின் பக்கம் போகாமல் வளர்த்தார் என்பது சதுரங்க உலகம் அறிந்தது. பலகை முன் உட்கார்ந்து தானே எண்ணும் பழக்கம் அங்கிருந்து வருகிறது.

யானை எண்ட்கேமில் இரண்டு நிலைகள் போதும் என்று தொடங்கலாம். பிலிடோர்: ஒரு சிப்பாய் குறைந்தவர் தன் ராஜாவை எதிரிச் சிப்பாயின் பாதையில் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்துக்கொண்டு எதிரி ராஜாவை உள்ளே விடாமல் காக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த கணமே யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். எதிரி ராஜா ஒளிந்துகொள்ள இடமில்லை. பிள்ளைகள் பயந்துபோய் யானையைக் கடைசி வரிசையில் ஒடுக்கிவைப்பதுதான் வழக்கமான தவறு. லூசெனா: சிப்பாய் ஏழாம் வரிசையில், சொந்த ராஜா அதன் முன்னால் எட்டாம் வரிசையில் அடைபட்டிருக்கிறது. முதலில் செக் கொடுத்து எதிரி ராஜாவை ஒரு கோடு தள்ளவேண்டும். பிறகு யானை நான்காம் வரிசைக்கு. ராஜா வெளியே வரும், செக் விழும், கடைசியில் யானை குறுக்கே நின்று மறைக்கும். நான்காம் வரிசை ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் லூசெனா தெரியும் என்று கொள்ளலாம். யானை வேறு வரிசையில் நின்றால் ராஜா இறங்கிவரும் தூரமும் யானை மறைக்கும் இடமும் பொருந்தாது.

இவற்றுக்குப் பிறகு, மேலே சொன்ன 32-ஆவது நகர்த்தல் நிலையைப் பலகையில் வைத்து, ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி என்று இருவரை ஆடவிடலாம். முடிந்ததும் நிறம் மாற்றி மறுபடி. எந்தக் காயை மாற்றுமுன்னும், எல்லாம் மாறினால் மிஞ்சும் சிப்பாய் நிலை என்ன என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். டிங் அன்று விட்ட கேள்வி அதுதான்.

போட்டி நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஆறு, ஏழு சுற்றுகளை முடிப்பதற்காக நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடியே இல்லாமல் நடத்துகிறார்கள். எண்ட்கேம் வரும்போது கடிகாரத்தில் இருபது விநாடி. சிப்பாய் அதிகமிருந்தும் கொடி விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து, தோற்கும் பிள்ளை, எண்ட்கேம் படித்துப் பயனில்லை என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. சுற்றில் ஒன்றைக் குறைத்து, நகர்த்தலுக்கு 5 விநாடியாவது சேருங்கள். ரேபிட் ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுத வேண்டிய கட்டாயமும் இல்லாததால், எண்ட்கேமில் நடந்தது பதிவே ஆவதில்லை. ஆட்டம் முடிந்த கையோடு, ராணிகள் மாறிய நேரத்து நிலையை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிவைக்கப் பயிற்சியாளர்கள் பழக்கலாம்.

உங்கள் பத்திரிகையிடம் வேண்டுவது இதுதான். உலகப் போட்டி நடக்கும் நாட்களில் மட்டும் வரும் சதுரங்கச் செய்தியோடு, வாரம் ஒரு எண்ட்கேம் நிலையைப் படமாகப் போடுங்கள். பலகையில் ஆறு, ஏழு காய்கள், யார் முறை என்ற ஒரு வரி. விடை அடுத்த வாரம், காரணத்தோடு. முதல் வாரத்துக்கு குகேஷ் ஆடிய கடைசி நிலையையே எடுத்துக்கொள்ளலாம்: வெள்ளை ராஜா எஃப்2க்குப் போகிறது, கறுப்பு எங்கே நகர வேண்டும்?

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளர் ஒருவர்,
திருச்சி