பிரசவ வார்டின் பழைய பதிவேடுகளைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

பங்கு மக்களுக்கும், நம் மருத்துவமனையில் பிறந்தவர்களுக்கும், இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் வணக்கம்.

மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு அறையில் 86 பழைய பதிவேடுகள் இருக்கின்றன. பிரசவ வார்டு 31, வெளிநோயாளிகள் 22, உள்நோயாளிகள் 18, மருந்துக் கொள்முதல் 15. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இவற்றை அங்கிருந்து எடுத்து, தூசி தட்டி, பழுது பார்த்து, படம் பிடித்து, பெட்டியில் அடைக்க ரூ. 3,85,200 தேவைப்படுகிறது.

பழைய நோட்டுக்கு இவ்வளவு செலவா என்பவர்கள் பிரசவப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். 'பிரசவம் பார்த்தவர்' என்பது அதன் தலைப்பு. ஆரம்பகாலத் தொகுதிகளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்புச் சகோதரியின் கையொப்பம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு சகோதரியின் பெயர்கூட இல்லை. எல்லாம் சம்பளத்துக்கு வந்த மருத்துவச்சிகள், நர்சுகள் பெயர்தான்.

காரணம் உரோமையில் இருந்தது. குருக்கள் உரோமையின் அனுமதி இல்லாமல் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்யக்கூடாது என்ற பழைய தடையை 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் உறுதி செய்தது. துறவியரையும் அது கட்டுப்படுத்தியது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம், மருந்து கொடுக்கலாம். பேறுகாலம் பார்ப்பது மட்டும் கன்னியருக்கு ஆகாது. ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்கள் இதனால் செத்துப்போகிறார்கள் என்று உரோமைக்கு எடுத்துச் சொன்னவர் ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன். விதி மாறுவதைப் பார்க்காமலே 1913இல் இறந்தார். அவரைப் பற்றிப் படித்த ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி 1920 பிப்ரவரி 12 அன்று குண்டூருக்கு வந்து, இயேசு மரி யோசேப்பு கன்னியர் சபையில் சேர்ந்தார். கன்னியராக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி கொடுத்தார். உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பேறுகாலம் பார்க்கவும் அவர் பயிற்சி கொடுத்தார்; 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. மற்ற சகோதரிகளுக்குக் கதவு திறந்தது 1936 பிப்ரவரி 11ஆம் தேதி வந்த உரோமை ஆணையால்தான்.

அந்த ஆணையை யாரும் தேடிப் படித்துக்கொள்ளலாம். அது நம் ஊர்ப் பிரசவ மேசைக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆயிற்று என்பதற்கு இந்த 31 தொகுதிகளை விட்டால் வேறு சாட்சி இல்லை. சில வரிகளில் பெயர் எழுதும் இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பக்கத்தில் சாவாபத்தில் ஞானஸ்நானம் கொடுத்ததற்கு ஒரு சிறு சிலுவைக் குறி. பெற்றோரைக் கேட்டுத்தான் கொடுத்தார்களா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்தக் குறிகளையும் அழிக்காமல், மறைக்காமல் அப்படியே காப்போம்.

இனி, பழுது. 19 தொகுதிகள் மோசமான நிலையில் இருக்கின்றன. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, இராமபாணப் பூச்சி மேல்பரப்பைச் சுரண்டியிருக்கிறது. இவற்றைவிடப் பெரிய எதிரி மை. இரும்பு உப்பும் துவர்ப்புச் சாறும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மையில் இருக்கும் அமிலம் எழுத்தின் வழியாகவே தாளை அரிக்கும். ஏட்டைத் திருப்பினால் 'ற'வின் வயிறு தனியாக உதிர்ந்து விழுகிறது. இந்தத் தாளில் வழக்கமான மாப்பசை தடவினால் ஈரம் இரும்பைக் கரைத்து இன்னும் பரப்பிவிடும். ஜெலட்டின் பூசிக் காயவைத்த மெல்லிய ஜப்பானிய டிஷ்யூவை, ஒட்டுமளவுக்கு மட்டும் ஈரமாக்கிப் பதிக்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் கைவேலை: தாளுக்கு ரூ. 120 வீதம் 1,100 தாளுக்கு ரூ. 1,32,000.

லேமினேஷன் செய்துவிடலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் திரும்பப் பிரியாது, அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். முன்பு யாரோ செலோடேப் ஒட்டிய 40 தாள்களில் பசை பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிட்டது. ஆகவே நல்லெண்ணத்தோடு யாரும் டேப் வாங்கி வர வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அது பூச்சியை ஒழிப்பதைவிட வேலை செய்பவர்களுக்குத் தலைவலி கொடுப்பதுதான் அதிகம்.

பூச்சிக்குக் குளிர்தான் மருந்து. பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் தாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அந்த அளவு குளிரும் டீப் ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் சில வாரம் இரவல் தந்தால் அதுவும் நன்கொடைதான்.

தொகுதிக்குச் சராசரியாக 150 விரிப்பு (ஏட்டைத் திறந்தால் தெரியும் இரண்டு பக்கம்) என்று கணக்கிட்டால் 12,900 படங்கள். ஒருவர் ஏடு திருப்ப, ஒருவர் எடுக்க, மணிக்கு 60 படம், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 43 நாள். இருவர் கூலி ரூ. 68,800. கேமரா இரவலாகக் கிடைத்துவிட்டது. தாங்கிக்கும் இரண்டு பக்க விளக்குகளுக்கும் ரூ. 58,000. அமிலமில்லாத அட்டைப்பெட்டி ரூ. 650 வீதம் 86க்கு ரூ. 55,900. இரும்பு அலமாரி மூன்று ரூ. 49,500. ஹார்டு டிஸ்க் மூன்று ரூ. 21,000, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும்.

படங்கள் இணையத்தில் ஏறாது. தாயின் பெயர், நோய், கணவர் பெயர் இல்லாத பிரசவம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தன் பிறப்பைத் தேடி வருபவருக்கு அவருடைய வரி மட்டும் நகலாகத் தரப்படும். காலம் கடந்து பிறப்பைப் பதிவு செய்யப் போகிறவர்கள் சான்று கேட்டு இப்போதும் வருகிறார்கள். தாள் உதிர்ந்துபோன வருடத்துக்காரர்களைக் கையை விரித்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு பெட்டிக்கு ரூ. 650, ஐந்து தாளுக்கு ரூ. 600 என்று எந்த அளவிலும் கொடுக்கலாம். ரொக்கம் ரூ. 2,000க்கு மேல் போனால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. காசோலையோ வங்கி மாற்றமோ நல்லது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு நம்மிடம் இல்லை. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ரசீது புத்தகம் பங்கு அலுவலகத்தில் மட்டுமே இருக்கும். வரவு செலவு மாதாமாதம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

கடைசியாக ஒன்று. அதே அறையில் ஒரு கட்டு பழைய எக்ஸ்ரே பிலிமும் இருக்கிறது. அதில் இருக்கும் வெள்ளிக்காக அதை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறது. விற்கப்போவதில்லை, ஆனால் அங்கேயே வைக்கவும் முடியாது. 1929இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், எளிதில் தீப்பற்றும் பழைய வகையான நைட்ரேட் எக்ஸ்ரே பிலிம் தீப்பிடித்து, அதன் நச்சுப் புகையில் 123 பேர் இறந்தார்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் அது நைட்ரேட் அல்ல. நம் கட்டில் ஏழு பிலிம்களில் அந்த எழுத்து இல்லை. அவற்றைப் பிரித்து எடுத்துத் தீயணைப்புத் துறையின் ஆலோசனை கேட்கும்வரை அந்த அறைக்குள் விளக்கோ ஊதுபத்தியோ ஏற்ற வேண்டாம்.