செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, பழைய சிறு ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருக்கும் எமது சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே வெள்ளவத்தை மண்டபத்தில் கூடியபோது ஒரு தீர்மானம் எடுத்தோம். ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ஓட்டத்தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போகும் எந்தக் காரும் அதற்கு முந்திய சனிக்கிழமை இன்னோர் உறுப்பினரின் கண்முன்னால் ஜாக்கியில் ஏற வேண்டும் என்பதே அது. அந்தத் தீர்மானத்தால் நேர்ந்தவையே இவ்வறிக்கையின் பெரும்பகுதி. செயற்குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

எம்மிடம் உள்ளவை பெரும்பாலும் 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா ரோட்ஸ்டர்கள், துணிக்கூரையை மடித்துத் திறக்கும் இரு இருக்கைக் கார்கள். ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்கப்பட்டவை, சுமார் 950 கிலோ எடை. இவற்றோடு சுசுகி கப்புச்சினோவும் ஹொண்டா பீட்டும் உண்டு. அவை இன்னும் இலகுவானவை. இலகுவான காரில் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைவு என்பது உண்மை. அதை நம்பி மற்றப் பாகங்களையும் கவனிக்காமல் விடுவதே எம்மவரிடம் நான் காணும் பெரிய குறை. இந்தக் கார்களின் ரப்பர் குழாய்களுக்கும் முப்பது வயதாகிவிட்டது.

கொட்டாஞ்சேனை உறுப்பினரின் காரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் அந்தக் காருக்கு ஒன்றும் ஆகாது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்தில் வெப்பமானி 105 பாகையைத் தாண்டிவிடும். தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேற்றர் மூடியை மாற்றினார். பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறிப்போன ரேடியேற்றரையும் மாற்றினார். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனாலும் சூடு குறையவில்லை. அடுத்ததாகத் தண்ணீர்ப் பம்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ட்ராக் டேக்கு முந்திய சனிக்கிழமைப் பரிசோதனையில் எமது மூத்த மெக்கானிக் ஐயா (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்) எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "தம்பி, நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா?" என்று மட்டும் கேட்டார். நிற்கும்போது என்றால் விசிறியையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் என்றால் விசிறிக்கு அதில் பங்கில்லை. காற்றோ தண்ணீரோ போக வேண்டிய வழியில் போகவில்லை. பிறகு ஒரு அட்டைப் பெட்டியை விரித்து நிலத்தில் சரிந்தார். காரின் மூக்குக்குக் கீழே டோர்ச் ஒளியைப் பிடித்து என்னையும் குனியச் சொன்னார். வெறுமையான போல்ட் துளைகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. ஒரு தகடு பல ஆண்டுகள் பதிந்து கிடந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அடித்தட்டைக் காணவில்லை. முன்னொரு கராஜில் ஒயில் மாற்றுவதற்காகக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவே இல்லை. அந்தத் தட்டு சேறு படாமல் காப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. வேகமாகப் போகும்போது மூக்குக்குள் நுழையும் காற்றை ரேடியேற்றர் ஊடாகப் போகவைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் காற்று இலகுவான வழியைத் தேடிக் கீழால் நழுவிவிடும். வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு அலுமினியத் தகடு வாங்கி, சக உறுப்பினர் ஒருவரின் காரில் இருந்த தட்டை மாதிரியாக வைத்து வெட்டிப் பூட்டினோம். அதன் பின்னர் நெடுஞ்சாலையிலும் ஓட்டத்தடத்திலும் முள் அசையவில்லை. தெர்மோஸ்டாட், மூடி, ரேடியேற்றர் என்று அவர் கொட்டிய பணத்தை நினைக்க எனக்கு இன்னும் மனம் பொறுக்கவில்லை. கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை எழுதாமல் எவரும் பாகம் வாங்க வேண்டாம். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதற்காகவே இந்த ஆண்டு ஒவ்வொரு காருக்கும் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறோம்.

இதோடு இன்னொன்று. காரோடு வந்த வெப்பமானியை நம்ப வேண்டாம். அதன் முள் நீண்ட வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்கும். அது நகரும்போது காலம் கடந்திருக்கும். தனியாக ஒரு மானி பூட்டுங்கள்.

அடுத்தது பிரேக். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில், எமது உறுப்பினர் ஒருவர் ஐந்தாவது சுற்றில் நேர்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தபோது மிதி தரையைத் தொட்டது. இரண்டு தடவை அடித்து மிதித்ததும் சிறிது அழுத்தம் திரும்பியது. திருப்பத்தை எடுக்க முயலாமல் நேராகவே ஓடவிட்டு நிறுத்தினார். அது சரியான முடிவு, அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். பின்னர் பிரேக் திரவத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் இறக்கிப் பார்த்தோம். பிளேன்டீ நிறம். பிரேக் பாட்களைப் புதிதாகப் போட்டிருந்தார், திரவத்துக்கோ மூன்று வயது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்துத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. 3.7 வீதம் தண்ணீர் கலந்தபின் 155 பாகையாக இறங்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் கொழும்பில் அந்த நிலைக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. பாட்களை வட்டில் அழுத்தும் கலிப்பருக்குள் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவே ஆண்டுக்கொரு முறையும் ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்னரும் திரவத்தை மாற்றுவது இனிக் கட்டாயம். டொட் 5.1 போடலாம், அதற்குரிய எல்லைகள் 260உம் 180உம். டொட் 5 சிலிக்கன் வகை, பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்து அதைக் கலக்கக் கூடாது. மூடி திறந்து வைத்திருந்த பழைய போத்தலை யாருக்கும் அன்பளிப்புச் செய்யவும் வேண்டாம்.

சக்கர நட்டுகளை டோர்க் ரென்ச்சால் இறுக்கும் வழக்கம் இப்போது எல்லோரிடமும் வந்துவிட்டது. ரோட்ஸ்டருக்கு 88 முதல் 118 நியூட்டன் மீற்றர். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியபின் மீண்டும் ஒருமுறை பார்க்கவும். என்ஜின் ஒயில் மேல்கோட்டிலேயே இருக்கட்டும். நீண்ட திருப்பத்தில் ஒயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது குறைந்த ஒயிலுடன் ஓடும் என்ஜின் பேரிங்கைத் தின்றுவிடும்.

துருவைப் பற்றிப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு சொல். கடற்காற்று உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குச் செய்ததையே காருக்கும் செய்கிறது. துணிக்கூரை மடியும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இருபக்கமும் வடிகால் துளைகள் உள்ளன. இலை அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கிப் பக்கச் சட்டங்களை உள்ளிருந்து அரிக்கும். பருவமழைக்கு முன் மென்மையான பிளாஸ்டிக் குழாயை விட்டுத் துப்புரவாக்குங்கள். ஒரு உறுப்பினரின் காரிலிருந்து ஒரு கைப்பிடி மக்கிய இலையும் ஒரு பத்துச் சத நாணயமும் வந்தன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பலரும் மகிழ்ந்தோம். ஆனால் எம்முடையவை போன்ற பழைய கார்கள் அந்த வழியில் வரப்போவதில்லை. இருப்பவற்றைக் காப்பதுதான் வழி. எனவே டைமிங் பெல்ட், கிளட்ச் சிலிண்டர், தண்ணீர்க் குழாய்த் தொகுதி ஆகியவற்றைச் சங்கம் கூட்டாகத் தருவித்துச் செலவு விலைக்கே கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

2024 ஏப்ரலில் தியத்தலாவைக் கார் ஓட்டத்தில் ஏழு உயிர்கள் போனதை எவரும் மறக்க முடியாது. எமது ட்ராக் டே நாட்களில் பார்வையாளர்கள் நிற்கும் இடம் பற்றி இவ்வாண்டு கடுமையாகவே நடந்துகொண்டோம். பிள்ளைகளைக் கிட்டக் கொண்டுவர விடவில்லை என்று சிலர் என்னுடன் கோபித்தார்கள். அந்த விதியைத் தளர்த்தும் எந்த முன்மொழிவையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

சனிக்கிழமைகளில் தம் முற்றத்தையும் தேநீரையும் தந்த கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கும், எழுபது வயதைக் கடந்தும் நிலத்தில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக் ஐயாவுக்கும் சங்கத்தின் நன்றி. ஐயாவுக்கு மூட்டு வலி. ஆகவே கூட்டுக் கொள்வனவோடு, கார் தூக்கும் சாய்தளம் ஒன்று வாங்கும் தீர்மானத்தையும் இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டு, இவ்வறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

செயலாளர்,
கொழும்பு