கொல்லைச் சந்தின் கதையை எழுத உதவுங்கள்

கும்பகோணத்து மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கோயில்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. வெற்றிலை, டிகிரி காப்பி, மகாமகம் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, அதாவது 1919 முதல் 1939 வரை, நம் முன்னோர் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், சாக்கடை எங்கே போய் நின்றது, எந்தக் காய்ச்சலில் யார் போனார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவரத்தான் இந்தக் குழு.

குழுவுக்காக இதை எழுதுவது நான்; என் பாட்டிக்கு யானைக்கால். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் கொலுசில் ஒன்றுதான் எங்கள் வீட்டில் மிச்சம். இடது கால் வீங்கி, கொலுசு ஏறாமல் போனதும் மற்றதை அழித்து டம்ளர் செய்துவிட்டார்களாம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவே வாட்டமில்லாத தரை. வீட்டுக் கழிவுநீர் ஓட வழியின்றித் தேங்கும். அந்த அழுக்கில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் புழுவைப் பரப்பியது. கொசுவின் உடம்புக்குள் இந்தப் புழு வளர்வதை பாட்ரிக் மேன்சன் 1877-லேயே கண்டுபிடித்துவிட்டார். பாட்டி காதுக்கு அது வந்து சேரவே இல்லை. கடைசிவரை கிணற்றுத் தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

1921-லும் 1933-லும் மகாமகம், 1924-ல் பெருவெள்ளம், 1934-ல் மேட்டூர் அணை, 1939-ல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் என்று அந்த இருபது வருடத்தில் எவ்வளவோ நடந்திருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தேட வேண்டிய வேலை இது.

அப்புறம், எந்தக் காப்பகத்திலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் விடியும் முன்னே கொல்லைச் சந்து வழியாக வந்து, மலத்தைக் கூடையிலும் வாளியிலும் அள்ளிச் சுமந்தவர்கள் யார் யார்? தெருவுக்குள் அவர்களை விடாத ஊர், அவர்கள் கையால்தான் காலராவிலிருந்து ஓரளவாவது தப்பித்தது. சாதி அவர்கள் தலையில் ஏற்றிய வேலை அது. ஒரு கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் இதே ஊரில் இருக்கிறார்கள். நம் குழுவிலும் இருக்கிறார்கள். முதல் பதிவு அவர்கள் வீட்டில்தான். புத்தகத்தின் முதல் அத்தியாயமும் அதுதான்.

சென்னைக்குப் போய்வரும் செலவு, நகல் கட்டணம், ஒலிப்பதிவுக் கருவி, அச்சுக்கூலி, இவற்றுக்குத்தான் பணம் கேட்கிறோம். நூறு ரூபாய் ஆனாலும் சரி. உங்கள் தெருவுக்கு வரும் உறுப்பினரிடம் கொடுத்து, எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கு முழுவதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். பரணில் பழைய அம்மை குத்தின சீட்டோ, நகராட்சி வரி ரசீதோ, போட்டோவோ கிடந்தால் தாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

வீட்டில் தொண்ணூறு தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், பணம் பிறகு இருக்கட்டும், முதலில் அதைச் சொல்லுங்கள். அன்றைக்கே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர், கும்பகோணம்