டிக்கியில் தொங்கும் சைக்கிளும் மறையும் நம்பர் பிளேட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இரும்போடு புழங்குகிறவன். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், காரின் பின்னால் சைக்கிள் மாட்டும் ரேக்கில் எதை வாங்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. விலை, எடை, எத்தனை சைக்கிள் மாட்டலாம் எல்லாம் இருந்தது. எந்தக் காரில் மாட்டப் போகிறோம் என்று ஒரு வரி இல்லை. காலைப் பார்க்காமலே செருப்பை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர் மாதிரி.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் பத்தாவது முடித்தபோது அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு கியர் சைக்கிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஓட்டலாம் என்று ஆசை. கணபதியிலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிளிலேயே போய் வர மகளால் முடியாது, இப்போது என்னாலும் முடியாது. எங்களிடம் இருப்பது வேகன்ஆர். இணையத்தில் ஒரு ரேக் வாங்கினேன். டிக்கிக் கதவில் கொக்கி போட்டு ஆறு பெல்ட்டால் இறுக்குகிற வகை. மூன்று சைக்கிள் தாங்கும், எந்தக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

முதல் ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். என் சைக்கிள் ஒழுங்காக மாட்டிக்கொண்டது. மகளுடையது பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். ரேக்கின் இரண்டு கைகளும் பிடிப்பதே அந்தப் பாரைத்தான். அது இல்லாததால் சாய்ந்த கம்பியில் ஒரு கை, சீட்டுக்குக் கீழே ஒரு கை என்று எப்படியோ சொருகினேன். சைக்கிள் தலைகீழாகக் குட்டிக்கரணம் போடப் போகிறவன் மாதிரி தொங்கியது. சரி, பக்கம்தானே என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

ஈச்சனாரியில் நிறுத்தினோம். ரேக்கைப் பார்ப்பதற்காக இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் எப்போது போனாலும் பிள்ளையாரைப் பார்க்காமல் என் மனைவி தாண்ட மாட்டார். திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் முறுக்கு முறுக்கென்று இழுத்துக் கட்டிய மேல் பெல்ட்டுக்கும் கதவுக்கும் நடுவில் என் உள்ளங்கை தாராளமாகப் போய் வருகிறது. கொக்கி நாலு குலுக்கலில் தன் இடத்தைத் தேடி உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த அளவுக்குப் பெல்ட் தளர்ந்துவிடும். நைலான் வேறு, கொஞ்சம் நீளவும் செய்யும். முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கியே ஆக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெல்ட்டின் மிச்ச நுனியையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே பக்கிளை நெகிழ்த்திவிடும். இன்றைக்கும் எங்கள் பெல்ட் இறுக்குகிற இடம் ஈச்சனாரிதான். மனைவி உள்ளே போவார், நான் வெளியே பிரதட்சணம் வருவேன், காரை.

அன்றைக்கு நடந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வழியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். பின்னால் போய் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஏனுங்க, வண்டி நம்பர் எங்கீங்க?" என்றார். இறங்கிப் பார்த்தேன். மகள் சைக்கிளின் சக்கரம் நம்பர் பிளேட்டுக்கு நேராக இருந்தது. இடது பக்க இண்டிகேட்டரை என் சைக்கிளின் சக்கரம் மறைத்திருந்தது. நியாயமான மனிதர். அபராதம் போடவில்லை. முன் சக்கரங்களைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லி, வைத்த பிறகுதான் அனுப்பினார்.

ஆழியாறு போய்ச் சேர்ந்து சைக்கிள்களை இறக்கினால், மகளுடைய பின் டயரில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓரிடம் வழவழவென்று பளபளத்தது. சைலென்சர் வாய்க்கு நேராக ஒரு சாண் தூரத்தில் அது தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. காற்று அடித்துக் கால் மணி நேரத்தில் அந்த இடம் பட்டென்று வெடித்தது. அப்புறம் பசி. புளிசாதம் டிக்கிக்குள். ரேக் கட்டியிருக்கும்போது டிக்கி திறக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பின் சீட்டைச் சாய்த்து, மகள் உள்ளே தவழ்ந்து போய்த் தூக்குப் போசியை எடுத்து வந்தாள்.

கதை போதும். பட்டறைக்காரனாகச் சொல்ல வேண்டியது சில இருக்கின்றன.

கார்க் கதவின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். டிக்கியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்வாங்கும். அதே விரலால் கதவின் விளிம்பில் அழுத்துங்கள், அசையாது. அங்கே தகட்டை மடித்து இரட்டையாக்கியிருப்பார்கள். கொக்கி அந்த மடிப்பில் உட்கார வேண்டும், ரேக்கின் ரப்பர் பட்டைகள் தகட்டுக்குப் பின்னால் உள்சட்டம் ஓடுகிற இடத்தில் அழுத்த வேண்டும். இப்போது வரும் கார்கள் பலவற்றில் பின்கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வெறும் பிளாஸ்டிக். அதில் கொக்கி போட்டால் சைக்கிளும் போகும், ஸ்பாய்லரும் போகும். சில கார்களில் டிக்கிக் கதவே பிளாஸ்டிக். அவற்றுக்குப் பெல்ட் ரேக்கே கூடாது. ரேக் செய்பவர்களில் ஒழுங்கானவர்கள் எந்தக் காருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று மாடல் வாரியாகப் பட்டியல் கொடுக்கிறார்கள். உங்கள் கார் அதில் இல்லையென்றால், அந்த ரேக் உங்களுக்கு இல்லை.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. என் சைக்கிள் 14 கிலோ, மகளுடையது 15, ரேக் 5. மொத்தம் 34. ஒரு சிமெண்ட் மூட்டைகூட இல்லை. ஆனால் மூட்டையைத் தோளில் வைப்பது வேறு, நிறைந்த வாளியைக் கையை நீட்டிப் பிடிப்பது வேறு. வெளிப்பக்கத்துச் சைக்கிள் கதவிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது இதே 34 கிலோ இரண்டு மடங்காகக் கொக்கியை இழுக்கும். அதனால்தான் கனமான சைக்கிள் எப்போதும் காரை ஒட்டி வர வேண்டும். மூன்று தாங்கும் என்று போட்டிருந்தால் நம் ஊர் வேகத்தடைகளுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சைக்கிள் ஒன்றே பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் வரும். அதைப் பெல்ட் ரேக்கில் தொங்கவிடும் எண்ணமே வேண்டாம்.

இன்னொன்று தூசி. ரப்பர் பட்டைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மண் இருந்தால் அது உப்புத்தாள்தான். ஒருமுறை போய்வந்து ரேக்கைக் கழற்றினால் இரண்டு வட்டம் மங்கிப்போய் இருக்கும். என் காரில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மாட்டியிருந்தால் தப்பித்திருக்கும்.

தார், ஜிம்னி, பொலேரோ மாதிரி ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டியிருக்கும் வண்டிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஸ்டெப்னியைப் பிடிக்கும் அதே போல்ட்டுகளில் உட்காரும் ரேக் கிடைக்கிறது. தகட்டைத் தொடாது. கதவின் கீல் ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி நான் தினமும் சண்டை போடுகிற விஷயம். அமெரிக்காவில் வண்டிக்கு அடியில் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் ஒன்று இருக்கும், ரேக்கை அதில் சொருகுவார்கள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் உருண்டை, அதன்மேல் ரேக் உட்காரும். ரேக்குகளிலேயே உறுதியானது இந்த வகைதான், மறுக்கவில்லை. இந்தியாவில் சாதாரணக் கார்களில் இந்த இரண்டுமே இல்லை. போன மாசம் ஒரு பையன் குழாயில் சொருகும் ரேக் ஒன்றை இணையத்தில் வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, பம்பர்ல ஒரு குழாய் மட்டும் வெல்டு வெச்சுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். கார் ஒரு ஹேட்ச்பேக். "தம்பி, நீங்க பம்பர்னு சொல்றது பிளாஸ்டிக் முகமூடிங்க. வெல்டு எதுல வெக்கறது?" என்றேன். அடியில் ஒரு கொக்கி இருக்கிறதே என்றார். அது வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுப்பதற்கு. நேராக இழுத்தால் தாங்கும், மேலிருந்து பாரம் தொங்கினால் அதன் வேலை அது இல்லை. பொலேரோ, ஸ்கார்ப்பியோவில் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இருக்கிறது, போல்ட் போட்டு ஒரு தாங்கியை இறக்கலாம். சின்னக் கார்களில் உடம்பேதான் சேசிஸ். கண்ட இடத்தில் ஓட்டை போட்டு, கண்ட இடத்தில் வெல்டு வைத்தால் முதலில் துரு வரும், அப்புறம் விரிசல் வரும். காசு கொடுத்தால் செய்து தருகிற பட்டறை கிடைக்கும். நான் செய்ய மாட்டேன். பின்னால் பைக்கில் வருகிறவர் தலையில் விழும் சாமான் அது.

இப்போது உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194(1ஏ) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வண்டியில் ஏற்றிய பொருள் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், பொருளையும் இறக்க வேண்டும். என் வேகன்ஆர் 162 சென்டிமீட்டர் அகலம். என் சைக்கிள் 174 சென்டிமீட்டர் நீளம். குறுக்காக மாட்டினால் பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வெளியே நீட்டும். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறையும், காரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆக, ரேக் வாங்குவதற்கு முன்னால் டேப் எடுத்துக் காரையும் சைக்கிளையும் அளந்து பார்ப்பதே முதல் வேலை. ஆனால் பின்பக்கம்? பின்னால் நீட்டாமல் ரேக்கே மாட்ட முடியாதே.

நம்பர் பிளேட் அதைவிடச் சிக்கல். லண்டனில் இருக்கும் என் மச்சினரும் காரில் சைக்கிள் மாட்டுகிறவர். அங்கே ரேக்கின் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு பலகை விற்கிறதாம். வண்டி எண், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் அதிலேயே. காரில் இருக்கும் பிளக்கில் சொருகினால் எரியும். இங்கே 2019 ஏப்ரல் 1 முதல் வரும் வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதைக் கழற்றி ரேக்கில் மாட்ட முடியாது, கழற்றினால் பூட்டு உடைந்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான் தருகிறார்கள். ரேக்குக்கு என்று இன்னொன்று சட்டப்படி எங்கே வாங்குவது? ஸ்டிக்கர் கடையில் எழுதி மாட்டினால் அது செல்லுமா? உங்கள் நிருபர்கள் போக்குவரத்துத் துறையிடம் இந்த இரண்டை மட்டும் கேட்டு, பதிலை நாலு வரி போட்டால் போதும்: ரேக் பின்னால் எத்தனை சென்டிமீட்டர் நீட்டலாம், மறையும் நம்பருக்கு என்ன செய்ய வேண்டும்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டு ஏற்பாடு இது. ரேக்கின் கைகளை இரண்டு துளை மேலே ஏற்றிவிட்டேன், சைக்கிள்கள் நம்பர் பிளேட்டுக்கும் சைலென்சருக்கும் மேலேயே நின்றுவிடுகின்றன. முன் சக்கரங்கள் பின் சீட்டில். மகள் சைக்கிளுக்கு ஓர் அங்குலக் குழாயில் ஒரு பொய் பார் செய்து, சீட்டுக் குழாய்க்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவில் மாட்டுகிறேன். ஹேண்டில் திரும்பாமல் இருக்கப் பழைய டியூபைக் கிழித்துக் கட்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஓயாமல் கத்தும், அதனால் மகள் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவாள். புளிசாதம் முன் சீட்டில், மனைவி மடியில்.

துறையின் பதில் வந்தால் அந்தப் பையனுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். அவருடைய ரேக் இன்னும் என் பட்டறை மூலையில்தான் இருக்கிறது. வேலைக்கு வரும் பையன்கள் அதில் டிபன் பைகளை மாட்டுகிறார்கள். இதுவரை எடையில் குறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.