பிளென்ஹைம் பார்க்கப் போகிறவன்

அன்புள்ள யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோ சொல்லும் பயிற்சியைச் செய்யாமல் ஏமாற்றாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலை மாறிவிட்டாள். மனுசி இந்த நாட்டு வெயிலை நம்பிக் கத்தரி நட்டுவிட்டுத் தினமும் வானத்தைத் திட்டுகிறாள்.

பென்ஷன் எடுத்தபிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே மச்சான், பழைய பிளேன் பார்க்கிறேன். கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே டக்ஸ்ஃபோர்ட் என்றொரு விமானத்தளம். முதலாம் உலகப்போர்க் காலத்தில் கட்டியது. 1938 ஆவணியில் ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம் முதன்முதலாகப் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்து சேர்ந்த இடம். 1961இல் விமானப்படை விட்டுப் போய்விட்டது, இப்போது போர் நூதனசாலை. கயிறு கட்டித் 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கும் நூதனசாலை மட்டும் என்று நினைக்காதே. ஓடுபாதை இன்றும் வேலை செய்கிறது. ஹங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள் செட்டை கழற்றிய விமானத்துக்குப் பக்கத்தில் ஒருவர் முழங்காலில் நின்று தகட்டுக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் தள்ளி வேறொன்று எஞ்சின் சூடாக்கிக்கொண்டு நிற்கும்.

வருகிற சனம் பெரும்பாலும் ஸ்பிட்ஃபயருக்காகத்தான் வருகிறது. அழகானதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் தேடிப் போவது பிளென்ஹைமை. இரண்டு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், பார்வைக்கு அவ்வளவு எடுப்பில்லை. 1942 சித்திரை 9 பற்றி உன் அம்மம்மா சொன்ன கதை எனக்கு மறக்கவில்லை. ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதும் சீனன்குடா எண்ணெய்க் குதம் எரிந்ததும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே நாள் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரன் பிளென்ஹைம்கள் கிளம்பி அந்த ஜப்பான் கப்பல்படையைத் தேடிப் போனதை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒன்பது விமானங்கள் போய்ச் சேர்ந்தன. 'அக்காகி' விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர்கள் குண்டு தண்ணீரில் விழுந்தபிறகுதான் மேலே பார்த்தார்கள். ஒரு குண்டும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

அந்த வகை விமானத்தில் இன்று உலகத்திலேயே பறக்கிற ஒன்று டக்ஸ்ஃபோர்டில் பழுதுபார்த்து எடுத்தது. அந்தக் கதையைக் கேள். வருடக்கணக்காக உழைத்து முதல் விமானத்தை 1987இல் பறக்கவிட்டார்கள். ஒரு மாத அளவில் அது விழுந்து நொறுங்கியது. விடவில்லை. கனடாவில் கட்டப்பட்ட இன்னொரு உடலை எடுத்து 1993இல் பறந்தார்கள். அது 2003இல் டக்ஸ்ஃபோர்டிலேயே இறங்கும்போது ஓடுபாதைக்கு எட்டாமல் விழுந்தது. நல்லகாலம், இரண்டு விபத்திலும் உயிர் போகவில்லை. மூன்றாம் முறை 2014 கார்த்திகையில் பறந்தபோது அதற்கு மூக்கு வேறு. போர் முடிந்தபிறகு, பிளென்ஹைமைக் கட்டிய பிரிஸ்டல் கம்பனியில் வேலை செய்த ஒருவர், கழித்துப் போட்ட பிளென்ஹைம் ஒன்றின் மூக்கை வாங்கி, சின்ன ஒஸ்ரின் காரின் சட்டத்தில் ஏற்றி, மின்சாரக் காராக்கி ரோட்டில் ஓட்டித் திரிந்திருக்கிறார்! அந்தக் கார்தான் திரும்பவும் விமானத்தின் மூக்காகிவிட்டது.

இப்படி ஒட்டுப்போட்டதை 'அசல்' என்று சொல்லலாமா என்று வேலியோரம் நின்று மணிக்கணக்காக வாதாடுகிற ஆட்கள் உண்டு. எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. திருத்துகிறவனுக்குப் பழைய வரைபடத்தைப் படிக்கவும், அதே அளவுக்குத் தகடு வளைக்கவும் தெரிந்திருக்கிறதே, அந்தக் கைவேலை அசல். அது போதும்.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவதை நீ பார்க்க வேண்டும். பிளென்ஹைமின் மெர்க்குரி எஞ்சினில் ஒன்பது சிலிண்டர், வட்டமாக. சும்மா நிற்கும்போது எண்ணெய் மெல்ல இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் தேங்கிவிடும். அப்படியே முடுக்கினால் உள்ளே கம்பி வளைந்து எஞ்சின் போச்சு. அதனால் முதலில் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறம்தான் ஸ்டார்ட்டர். இரண்டு மூன்று தரம் இருமும், நீலப் புகை கக்கும், பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிட்ஃபயருக்கு வேறு கஷ்டம். தரையில் கனநேரம் நின்றால் தண்ணீர் கொதித்துவிடும். முன்னால் மூக்கு மறைப்பதால் பாதையே தெரியாது, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஓடுபாதைக்குப் போக வேண்டும்.

ஒரு விஷயம் உனக்குத்தான் எழுத முடியும். சத்தம் கிட்ட வரும்போது இங்குள்ளவர்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். எனக்கு முதுகு கூசுகிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் 'பொம்பர் வருது' என்றதும் கம்பஸ் பக்கத்துப் பங்கருக்குள் உன்னை நான் தள்ளிவிட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தம் வேறு, இது வேறு. உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவு அருமையாகத் திருத்தி எடுத்த பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அந்த மைதானத்தில் நான் மட்டும்தான் நினைக்கிறேனோ என்று சில நேரம் தோன்றும். இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று நீயே எழுது, நீதானே சைக்கோலொஜி படித்தவன்.

அடுத்த ஆவணியில் ஊருக்கு வருகிறோம். உப்புவெளிப் போர்க் கல்லறைக்கு இருவருமாய்ப் போவோம், உன் முழங்கால் விட்டால். சீனன்குடாப் பக்கம் உள்ளே விடுவார்களோ என்று மருமகனிடம் கேட்டு வை. வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று மறக்காமல் எழுது. போனமுறை போலக் கடைசி நாளில் போன் எடுத்து மீன் தூண்டில் கேட்காதே.

அன்புடன்,
சிவா