நிவாரணம் கொண்டுவருகிறவர்களுக்கு: பையை எங்களிடம் தைக்கக் கொடுங்கள்

சென்னையில் இருந்தும் மதுரை, கோவையில் இருந்தும் லாரி பிடித்து அரிசி பருப்பு கொண்டுவருகிற அண்ணாச்சிமார்களுக்கும், இங்கேயே தெருமுக்கில் நின்று பொட்டலம் கட்டுகிற அக்கா தங்கச்சிகளுக்கும், மழைக்கு முன்னால் கூட்டம் கூடித் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த வெள்ளத்தில் நீங்கள் பொருள் போட்டுக் கொடுக்கிற பை பிளாஸ்டிக் கவராக இருக்க வேண்டாம். துணிப்பையாக இருக்கட்டும். அதையும் வெள்ளம் வந்த ஊர்ப் பெண்களிடமே கூலி கொடுத்துத் தைத்து வாங்குங்கள்.

நான் திருநெல்வேலியில், தாமிரபரணி ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிற தையல்காரி. 2023 டிசம்பர் 17ஆம் தேதி என் மிஷின் தண்ணீருக்குள் போனது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. முந்தின ராத்திரி பிடித்த மழை வாசலில் கோலம் போடக்கூட விடவில்லை. முதலில் வந்தது வாறுகால், அதாவது சாக்கடைத் தண்ணீர்தான், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள், இரண்டு மாசமும் தாண்டியாச்சு, இனி என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டோம். அப்புறம் ஆறே வந்தது. 92 வெள்ளத்தைப் பார்த்த என் அத்தை மட்டும் "ஏட்டி, பாத்துக்கிட்டு நிக்காத, எல்லாத்தையும் மேல ஏத்து" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், கேஸ் அடுப்பு, அப்புறம் பிள்ளைகள், அத்தை என்று ஒவ்வொன்றாகப் பக்கத்து மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் மிஷின் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, அதைத் தூக்க இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும், அந்த நேரத்தில் யாரைக் கூப்பிட.

மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், உடையார்பட்டி என்று ஆற்றை ஒட்டி இருக்கிற எல்லாத் தெருவிலும் இதே கதைதான். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஆறு போகிற வழியில் கிழக்கே இன்னும் மோசம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், உள்ளே நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு முதலில் சமைத்துப் போட்டது யார்? பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்களைச் சுற்றியும் வெள்ளம்தான், ஆனாலும் அடுப்பு மூட்டினார்கள். வெள்ளத்தில் மாட்டினவன் கையேந்தி நிற்கிறவன் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், அவனுக்கும் வேலை செய்கிற கை இருக்கிறது. நான் சொல்லவருவதும் அதுதான்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் கால் வைத்தபோது பட்டாசலில், அதாவது கூடத்தில், முழங்கால் ஆழத்துக்குச் சகதி. மிஷின் மேசைப் பலகை உப்பி வெடித்திருந்தது, மோட்டாருக்குள் வண்டல், பாபின் பெட்டியைத் திறந்தால் உள்ளேயும் மண். சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கரண்ட்டும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் தெருவுக்கு முதல் வண்டி வந்தது. கொண்டுவந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், பசியோடு நின்று கொடுத்தார்கள், அவர்களை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் மெல்லிசு பிளாஸ்டிக் கவர். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், மெழுகுவத்தி எல்லாம் அந்த ஒரே கவருக்குள். நாலு வீடு தள்ளி இருக்கிற ஆச்சி அதை வாங்கிக்கொண்டு பத்து எட்டு வைத்திருப்பார், கவரின் காது, அந்தக் கைப்பிடி, நீண்டு நீண்டு அறுந்துபோனது. அரிசி அப்படியே சகதியில். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. குனிந்து எண்ணெய் பாக்கெட்டை மட்டும் தேடி எடுத்துச் சேலையில் துடைத்தார். அப்புறம் அந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுக்காரரின் பழைய வேட்டி இரண்டைக் கிழித்தேன்.

நாலு முழ வேட்டியில் ஆறு பை வரும். அடி மடிப்பாக விழுகிற மாதிரி நீளமாக ஆறு துண்டு வெட்டினால், ஓரத்தில் மிஞ்சுகிற நாடாத் துண்டுகளே காதுக்குச் சரியாக இருக்கும், வீணாகப் போவது ஒன்றும் இல்லை. அடியில் தையல் வராததால் அந்த இடத்தில் பிரியாது. கைத்தையலுக்கு இரட்டை நூல் வேண்டும், அதைக் கோப்பதற்கு முன்னால் மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் முறுக்காது, முடிச்சு விழாது, ஈரத்திலும் நைந்துபோகாது. பக்கத் தையலை ஓட்டுத் தையலாகப் போட்டால் பாரம் தாங்காது. ஒரு எட்டு முன்னால் போய் அரை எட்டுப் பின்னால் வந்து குத்துகிற கெட்டித் தையல்தான் போட வேண்டும். காது வைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் தைத்து, அதற்குள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு வரி ஓட்ட வேண்டும். பை அறுவதே அந்த இடத்தில்தான், அங்கே கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஒரு பைக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மிஷினில் பத்து நிமிஷ வேலை, தெரியும். ஆனால் மிஷின் செத்துக் கிடக்கிறதே.

மறுநாள் மதினி வந்து உட்கார்ந்தாள், அப்புறம் அவள் தங்கச்சி, அப்புறம் எதிர்வீடு. பீடி சுற்றுகிற இரண்டு பேர் வந்தார்கள், இலையும் தூளும் நனைந்து வேலை நின்றுபோயிருந்தது. அவர்கள் கை வேகத்தைப் பார்க்க வேண்டும். இலை வெட்டுகிற கத்தரியாலேயே துணியை வெட்டினார்கள், அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு ஒரு இழை பிசகாமல். மாடி வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வரிசையாகக் காய்கிற பாய், மெத்தை, பாடப்புத்தகம், அதற்கு நடுவில் நாங்கள் ஏழு பேர். சகதியில் ஊறின சேலை, லுங்கிச் சாரம் எல்லாவற்றையும் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு தடவை அலசின பிறகுதான் வெட்டினோம், இல்லையென்றால் அந்த வாடை அரிசியில் ஏறிவிடும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம். வீட்டைப் பார்த்தால் எதில் கை வைப்பது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அழுகை வரும். ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் அடுத்த குத்து எங்கே என்பது தெரிந்தது. மதினியும் அதையேதான் சொன்னாள், "கை ஓடுதுல்லா, அதான் மனசு கொஞ்சம் நிக்கி." அதனால்தான் முகாம்களைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் நாலைந்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! வெட்டின துணி, ஊசி, நூல்கண்டு, ஒரு மெழுகுவத்தி இவற்றை ஒரு கட்டாகக் கட்டி முகாமுக்குக் கொண்டுவந்தால் பிரியப்பட்டவர்கள் தைப்பார்கள். பிரியப்பட்டவர்கள் மட்டும். வீட்டை இழந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் பையைக் கொடுத்து எண்ணிக்கை கேட்கக் கூடாது.

தைத்ததற்குக் கூலி கட்டாயம் கொடுக்க வேண்டும். நாங்கள் தைப்பதைக் கேள்விப்பட்டு ஒரு குழு வந்தது, பேர் வேண்டாம். இருநூறு பை வேண்டும் என்றார்கள், துணியும் கொடுத்தார்கள். பைக்கு முப்பது ரூபாய் கேட்டோம். "இது சேவைதானே அக்கா, ஊருக்காகத்தானே" என்றார்கள். முதல் ஐம்பது பையை ஊருக்காக என்றுதான் நாங்களே எங்கள் துணியில் தைத்துக் கொடுத்தோம், அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் லாரிக்காரருக்கு வாடகை கொடுக்கிறீர்கள், அரிசிக் கடைக்குப் பணம் கொடுக்கிறீர்கள், தைக்கிறவளுக்கு மட்டும் புண்ணியமா? அரசாங்கம் கொடுத்த ஆறாயிரம் சகதி வாருவதற்கும் பாத்திரம் வாங்குவதற்குமே போய்விட்டது. பீடி நின்ற வீட்டில் அந்த முப்பது ரூபாய்தான் அன்றைக்குப் பால். இருநூறு பையையும் தைத்தோம், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நூல் காசுகூட வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை கொடுக்கிற மிஷின் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல விஷயம். 2021 டிசம்பரில் பிளாஸ்டிக்கை விட்டுத் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" தொடங்கினபோது மனசு நிறைந்தது, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையை நாங்கள் எல்லாம் வருஷக்கணக்கில் வைத்திருந்தவர்கள். ஆனால் தையல் மிஷினில் மளமளவென்று அடித்துத் தள்ளின பையின் விலையைக் காட்டி, ஒன்றேகால் மணி நேரம் கையால் தைத்த பைக்குப் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று. துணிப்பை என்று சொல்லி நெய்யாத பையை வாங்கிவந்துவிடுகிறீர்கள். பார்க்கத் துணி மாதிரியே சொரசொரப்பாக, அச்சடித்தது போலச் சின்னச் சின்னப் புள்ளி விழுந்திருக்கும், பச்சை, நீலம், சிவப்பு என்று எல்லா நிறத்திலும் கிடைக்கும். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிற பதினாலு பொருளில் அதுவும் சேர்த்திதான். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் உருவிப் பாருங்கள், நெய்த துணியில் இழை தனியாக வரும், அதில் வராது, பிய்யத்தான் செய்யும். ஒரு சின்னத் துண்டை வெட்டி நெருப்பில் காட்டினால் பருத்தி தாள் எரிகிற வாடையோடு சாம்பலாகும், அது உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு கையில் பட்டுவிடாமல் இடுக்கியால் பிடித்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெரு வாறுகாலை வாரும்போது மண்வெட்டியில் மண்ணைவிடக் கவர்தான் அதிகம் வந்தது, அதில் பாதி அந்த வாரம் நிவாரணத்துக்கு வந்த கவர். எங்கள் ஊருக்குள் ஓடுகிற பாளையங்கால்வாயை எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

துணி நனையாதா என்று கேட்பீர்கள், நியாயம்தான். அரிசி ஆலையில் இருந்து வருகிற பையோடேயே உள்ளே இருக்கட்டும், பருப்பு பாக்கெட்டிலேயே இருக்கட்டும், அதையெல்லாம் சேர்த்துத் தூக்குகிற வெளிப்பைதான் நான் கேட்பது. பத்திரம், ஆதார், ரேஷன் கார்டுக்கு நல்ல கெட்டி பிளாஸ்டிக் உறை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, உறைக்குள் போட்டுத் துணிப்பையில் வைத்து மேலே மாட்டச் சொல்லுங்கள். நாப்கினை மட்டும் தயவுசெய்து தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற கவரில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, தெரு ஆண்பிள்ளைகள் எல்லாம் நிற்கிற வரிசையைத் தாண்டி நடக்க முடியாமல் என் மதினி மகள் அன்றைக்கு வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

சரி, என்ன செய்யலாம் என்றால், மழை வந்த பிறகு ஓடிவராதீர்கள். ஆடியிலேயே சொல்லிவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் கரண்ட் இருக்கும், மிஷின் ஓடும், மிஷின் கூலிக்கே நிறையத் தைத்துத் தருவோம். ஜங்ஷன் பக்கம் மட்டும் இல்லை, மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், வீரவநல்லூர் என்று வீட்டிலேயே கைவேலை செய்து பழகின பெண்கள் இந்தத் தாமிரபரணிக் கரை நெடுக இருக்கிறார்கள். தைத்த பையைப் பள்ளிக்கூட மாடியிலோ மண்டபத்து மாடியிலோ வையுங்கள், தரைத்தளத்தில் வேண்டாம், ஆற்றங்கரைத் தெருவில் தரைத்தளத்தில் வைத்தது எதுவும் நமக்கு இல்லை. மழை முடிகிற வரைக்கும், அதாவது மார்கழி கழிகிற வரைக்கும், எடுத்துவிடாதீர்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால்தான் கைத்தையல், அதற்கு வெட்டின துணிக் கட்டு பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

துணி காடாவாக, அதாவது வெளுக்காத பருத்தித் துணியாக இருந்தால் நல்லது, கொஞ்சம் முரடாக இருந்தாலும் பரவாயில்லை. பை அளவு அகலம் பதினாலு அங்குலம், உயரம் பதினாறு. அதற்கு மேல் போனால் வயசானவர்களால் தூக்க முடியாத அளவுக்குப் பொருள் போட்டுவிடுவீர்கள். காது தோளில் மாட்டுகிற நீளம் வேண்டும், ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கம்பும் பிடித்துத் தண்ணீரில் நடக்கிறவளுக்கு மூன்றாவது கை கிடையாது. உங்கள் குழுவின் பேரைப் பெரிதாக அச்சடிக்க வேண்டாம், அடுத்த நாள் அதே பையில்தான் அவள் ரேஷன் கடைக்குப் போவாள், மகன் அதில்தான் புத்தகம் கொண்டுபோவான். துணி உங்களுடையது, முகாமுக்குக் கொண்டுவருகிற கட்டைத் தவிர மற்றதற்கெல்லாம் நூலும் ஊசியும் எங்களுடையது. கூலியைப் பை எண்ணி வாங்குகிற அன்றைக்கே, தைத்தவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீனாட்சிபுரம் பக்கத்துத் தையல்காரி,
கூடத் தைத்த ஆறு பேருக்கும் சேர்த்து.