காதுகுத்துக்கு வந்தீர்கள், கிராம சபைக்கும் வாருங்கள்

2025 ஏப்ரல்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரமும் சிவகங்கையும் ஒட்டிக்கிடக்கிற இந்தப் பக்கத்தில், கண்மாயை நம்பிப் பிழைக்கிற ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். மகளிர் குழுவில் பன்னிரண்டு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள். ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் வேண்டுமென்றேதான் விடுகிறேன். இந்தச் சீமையில் எந்தத் தொகுதிக்காரர் படித்தாலும், நமக்குத்தான் எழுதியிருக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

முதலில் நன்றி. என் மாமனார் இறந்தபோது வந்தீர்கள். மாலையைப் போட்டுவிட்டு உடனே கிளம்பாமல், பந்தலில் கால் மணி நேரம் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இந்த வீடு அதை மறக்காது. எம்.எல்.ஏ. என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இழவுக்கும் அலைகிறவர் என்று பட்டணத்தில் கேலி பேசுவார்கள். நான் பேச மாட்டேன். நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் முறை. நீங்கள் அந்த முறை தெரிந்தவர்.

ஆனால் ஒன்று. உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் பத்திரிகை அடிக்க வேண்டும். அதை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுக்கக் கட்சிக்காரர் யாராவது பழக்கமாக இருக்க வேண்டும். ஊருக்குக் கிழக்கே கருவேலங்கட்டையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் காதுகுத்து கோயில் மரத்தடியில் பத்துப் பேரோடு முடிந்துவிடும். பத்திரிகையும் கிடையாது, பந்தலும் கிடையாது. கணக்குப் பார்த்தால் எங்கள் ஊருக்கு நீங்கள் பலமுறை வந்திருக்கிறீர்கள், ஆனால் வந்ததெல்லாம் அதே ஏழெட்டு வீட்டுக்குத்தான்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற எங்கள் விலக்கில் ஒரு சாட்சி நிற்கிறது. உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடை. பெரிய எழுத்தில் உங்கள் பெயர், அதற்குக் கீழே ஆண்டு. குறை சொல்ல முடியாத வேலை, நல்ல உறுதியான கூரை. ஆனால் அந்த வழியில் வந்துகொண்டிருந்த பஸ், நிழற்குடை கட்டுவதற்கு முந்தைய வருஷமே நின்றுவிட்டது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீக்கடையில் இருக்கிற சின்னப் பையன்கூடச் சொல்லியிருப்பான். இப்போது அது வத்தல் மூட்டைக்கு நிழல் கொடுக்கிறது. அதுவும் ஒரு உதவிதான், சரி.

வத்தல் என்றதும் சொல்ல வேண்டியது ஞாபகம் வருகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் எல்லாம் போட்டார்கள், எங்களுக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்குரிய மிளகாயை நாங்கள் இன்றைக்கும் தார் ரோட்டில் பரப்பித்தான் காய வைக்கிறோம். லாரி ஏறும், மண் சேரும், கோடை மழை ஒன்று பெய்தால் போதும், வெளுத்துச் சோடையாகிவிடும். சோடைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சிமெண்டுக் களம். குழுவில் தீர்மானம் போட்டு, நாற்பது பேர் கையெழுத்து வாங்கி, உங்கள் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தோம்.

அந்த மனு போன பாதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அலுவலகத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ‘உரிய நடவடிக்கைக்காக’ ஒன்றியத்துக்கு. ஒன்றியத்திலிருந்து ஊராட்சிச் செயலருக்கு. அவர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். ஒருநாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், “அக்கா, ஒங்க மனு எங்கிட்டதான் வந்திருக்கு, என்ன எழுதி அனுப்பட்டும்?” என்று என்னிடமே கேட்டார். நாலு மாசம் சுற்றிவிட்டு மனு எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்திருந்தது. இடம் இருக்கிறது, நிதி வேண்டும் என்று எழுதச் சொன்னேன். எழுதினாராம். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

முன்பு இப்படி நடந்தால் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்போம். திட்டவாவது ஓர் ஆள் இருந்தார். 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப்போட்ட ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருக்கும் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் இதுதான் நிலைமை. இப்போது அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர். அவருக்குக் கீழே எத்தனையோ ஊர், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்கள் என்று மிச்சம் இருப்பது நீங்களும் எம்.பி.யும்தான். எம்.பி. டெல்லியில். நீங்கள், ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது போய்ச் சேருகிற சென்னையில்.

சட்டசபையில் இப்போது ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது என்று தெரியும். கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள், என் மகள் போனில் போட்டுக் காட்டினாள். ஒரு துணைக் கேள்வி கேட்டீர்கள், நன்றாகத்தான் கேட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “நம்ம புள்ள பேசுது” என்று சந்தோஷப்பட்டது. அடுத்த நிமிஷமே, “நூறு நாள் வேலைக்கூலி எப்ப வருமாம், அதக் கேட்டுச்சா?” என்றது. மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி. இந்த மாதத்திலிருந்து கூலி 336 ரூபாய் என்கிறார்கள். பழையதே கைக்கு வராதபோது புதியதைக் கேட்டு என்ன செய்வது! மத்திய அரசிடம் நிற்கிற பணம் என்று எனக்குப் புரிகிறது. பெரியம்மாவுக்கு அதை யாராவது எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வருகிற மே 1 கிராம சபைக்கு வாருங்கள்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நவம்பர் 1-உம் மார்ச் 22-உம் சேர்ந்த பிறகு ஆறு. எங்கள் ஊரில் ஒன்றுக்குக்கூட நீங்கள் வந்து நான் பார்த்ததில்லை. அது அந்த ஊர் வாக்காளர்களின் சபை. உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது, தலைமை தாங்கவும் முடியாது. அதனால்தான் அழைக்கிறேன். வேறு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உங்களை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வார்கள். இங்கே நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். கரிமூட்டக்காரர்களும் வருவார்கள், அதற்குப் பத்திரிகை தேவையில்லை. கூட வருகிற வண்டிகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். நாலு கார் வந்து நின்றாலே பெண்கள் பேச மாட்டார்கள், சால்வை போடுகிறவர்கள்தான் பேசுவார்கள்.

வரும்போது ஒரு காகிதம் கொண்டுவாருங்கள். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி உங்களிடம் இருக்கிறது. இந்த ஒன்றியத்தில் அது எந்தெந்த வேலைக்குப் போனது என்று எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் போதும். 2022-இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்கு ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் பத்துக் கோரிக்கை கொடுத்தீர்களே, அந்தப் பத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் அதில் இல்லையென்றால் கோபப்பட மாட்டோம். எது இருந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனுவுக்கும் அப்படியே. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். முடியாது என்று தெரிந்துவிட்டால் நாங்களே தலைக்கு இவ்வளவு என்று போட்டுக் களத்தில் பாதியாவது கட்டிக்கொள்வோம். வரும் வரும் என்று காத்திருந்து இரண்டு வெள்ளாமையை ரோட்டில் காய வைத்ததுதான் மிச்சம்.

மே 1 அன்றைக்கும் ரோட்டில் கடைசிப் பறிப்பு வத்தல் கிடக்கும். டிரைவரிடம் சொல்லி ஓரமாக வரச் சொல்லுங்கள். முடிந்தால் விலக்கிலேயே இறங்கிவிடுங்கள், ஊருக்குள் வர பத்து நிமிஷ நடைதான். வெயிலாக இருந்தால் உங்கள் நிழற்குடையிலேயே கொஞ்சம் உட்காரலாம். மூட்டைகளை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள்